நான்கு தட்டு

பத்திரிகைக்காரர்கள் அவனிடம்தான் கேட்கிறார்கள்.
என்னிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன்:
அது டிரம் இல்லை.

எழுபத்தாறு ஜனவரி, வின்னிபெக்.
வெளியே மைனஸ் முப்பத்து நாலு.
கீழே மூன்று மாடியும் ரோமத்தோல் கிடங்கு.
நான்காவதில் நாங்கள்,
கொதிகலன் பார்த்துக்கொள்கிற குடும்பம்.
எங்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் நடுவே
ஒற்றைச் செங்கல் சுவர்.
அந்தப் பக்கம் முட்டை அட்டைகள் ஒட்டியிருந்தார்கள்.
இந்தப் பக்கம் தொட்டில்.

லாரிசாவுக்குப் பதினோரு வாரம், ஓயாத வயிற்றுவலி.
போடனுக்கு ரயில் யார்டில் இரவு ஷிப்ட்.
மூன்று ராத்திரியாக அந்தப் பையன்
ஒரே வரியில் மாட்டிக்கொண்டு கிடந்தான்.
‘நீ போன பின் இந்த வீட்டில்’
நிற்கும்.
மறுபடி, ‘நீ போன பின் இந்த வீட்டில்’
வீட்டில் என்னடா, சொல்லித் தொலை,
என்று உக்ரேனிய மொழியில் சுவரைக் கேட்டேன்.

அப்போதெல்லாம் அவன் கத்தித்தான் பாடுவான்.
இதை யாரும் நம்புவதில்லை.
பட்டுக்குரல் கார்னெட் லோவன்
கழுத்து நரம்பு புடைக்க,
சரக்கு ரயிலோடு பந்தயம் கட்டியவன் மாதிரி.

இரண்டு மணிக்குக் குழந்தை கண்ணயர்ந்தாள்.
இரண்டு ஐந்துக்கு அவன் ஆரம்பித்தான்.
மாவுருட்டும் கட்டையை எடுத்தேன்.
சுவரில், கை வலிக்க:
வா. யை. மூ. டு.

எல்லாம் நின்றது.
இல்லை, பியானோ நிற்கவில்லை.
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டு
வாசிக்கிற வெர்னா, அவள் மட்டும் விடவில்லை.
அப்புறம் அவன் குரல் வந்தது,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
நடக்கிற திருடன் போல.
அந்த வரி அன்றுதான் முடிந்ததாம்.
எப்படி என்று எனக்குத் தெரியாது.
தூங்கிப்போனேன்.

ஏப்ரலில், பேருந்து ஓட்டுநரின் ரேடியோவில்
என் கோபம் வந்தது.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால், நான்கு,
எதிரொலியெல்லாம் பூசி.
‘அவள் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறாள்’
என்று எழுதினார் டொராண்டோ விமர்சகர் ஒருவர்.
‘ஆறிப்போன பால்’ என்றார் இன்னொருவர்.
ஆடையை வழித்துத் தின்பவர்கள் அதிகம் போலிருக்கிறது,
ஒன்பது வாரம் முதலிடம்.

தண்டர் பேயிலிருந்து ஒரு கடிதம்,
தபால்காரர் தவறி எங்கள் பெட்டியில் போட்டது:
‘அந்தத் தட்டைக் கேட்டு என் கணவர் வீடு திரும்பினார்.
நன்றி.’
ஆறு மாதம் கழித்து அதே கையெழுத்து:
‘மறுபடி போய்விட்டார்.
இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்ட முடியுமா?’
இரண்டையும் அவனிடம் நான் கொடுக்கவில்லை.
யோசித்துப் பார்த்தால், எனக்கு வந்தவைதானே.

பல் மருத்துவரின் நாற்காலியில் கேட்டிருக்கிறேன்,
வாய் திறந்தபடி, மறுத்துச் சொல்ல முடியாமல்.
உறைந்த பட்டாணிப் பெட்டியின் முன்னால் கேட்டேன்.
போடனின் ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது
கூரைக்குள்ளிருந்து, மிக மெல்ல.
லாரிசாவின் கல்யாணத்தில் மண்டபமே தட்டியது.
இது உனக்காகத்தான்டி என்றேன் காதில்.
அம்மா, ஒயின் போதும் என்றாள்.

போன அக்டோபரில் சூதாட்ட விடுதி ஒன்றில்
கார்னெட் பாடுகிறான் என்று டிக்கெட் வாங்கினேன்,
மூத்தோர் சலுகையில்.
அவனுக்கு முழங்கால் போய்விட்டது,
ஸ்டூலில் உட்கார்ந்துதான் பாடுகிறான்.
முதல் சரணம் கொஞ்சம் சத்தமாகவே போனது.
அந்த இடம் வந்ததும்
ஆயிரம் பேர் மேஜையைத் தட்டினார்கள்.
நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன்.

சட்டென்று குரலைத் தாழ்த்தினான்,
நாற்பத்தெட்டு வருஷம் கழித்தும்,
மாட்டிக்கொண்டவன் போல இடப்பக்கம் திரும்பிப் பார்த்தபடி.
அங்கே ஒரு கறுப்புத் திரைதான் தொங்கியது.